படுக்க வைத்த மாவு

ஜெயஷீலா வீட்டில் இரண்டு ஐஸ் பெட்டிகள் உண்டு. சேமியா ஐஸ் விற்கிற பெட்டி என்று நினைத்து யாரும் நாக்கைச் சப்புக்கொட்ட வேண்டாம். ஆள் படுக்கிற பெட்டி. துக்க வீட்டில், வெளியூர்ப் பிள்ளைகள் வந்து சேரும்வரை இறந்தவரைக் கிடத்தி மேலே கண்ணாடி மூடி போட்டு வைப்பார்களே, அதுதான். அவள் புருஷன் தேவஆசீர்வாதம் நாகலாபுரத்தில் பந்தலும் நாற்காலியும் சமையல் பாத்திரமும் வாடகைக்கு விடுகிறவர். கலியாணத்துக்காவது ஆடி, மார்கழி என்று ஓய்வு உண்டு, மற்றதற்கு ஓய்வே கிடையாது என்று கண்டுபிடித்து மூன்று வருஷத்துக்கு முன் முதல் பெட்டியை வாங்கினார். இந்த மே மாதம் இரண்டாவதும் மதுரையிலிருந்து வந்து இறங்கியது. பழையதற்குப் 'பெரியவர்' என்றும் புதியதற்குச் 'சின்னவர்' என்றும் ஜெயஷீலா பெயர் வைத்திருந்தாள். "பெரியவர் விளாத்திகுளம் போயிருக்காவ, நாளைக்குத்தான் வருவாவ" என்று அவள் போனில் சொல்வதைக் கேட்கிறவர்கள், மாமனாரைப் பற்றிப் பேசுகிறாள் என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவளுக்கு நாற்பத்தெட்டு வயது. பிறந்தது இடைசெவல். வாயாடி ஒருத்தி வந்து சேர்ந்திருக்கிறாள் என்று கலியாணமான புதிதிலேயே கீழத்தெரு தெரிந்துகொண்டது. ஆனால் அந்த வாயை மன்னிக்க வைக்கிற கை அவளுக்கு. கிறிஸ்மஸ் வந்தால் அவள் சுட்ட அச்சு முறுக்குக்கும் முந்திரிக்கொத்துக்கும் தெருவே காத்திருக்கும். எதிர்வீட்டு முத்துத்தாய் தட்டை வாங்கும்போதே ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு, "ஏட்டி, ஏலக்காய் பத்தாது" என்பாள். மறுவருஷம் ஏலக்காயைத் தூக்கலாகப் போட்டால், "பாயாசமாட்டி இது?" என்பாள். இப்படியே இருபது வருஷம் சந்தோஷமாகப் போனது.

பெரியவர் வந்த பிறகுதான் கதை மாறியது. பெட்டியைக் கொண்டு போய் இறக்குவது தேவஆசீர்வாதம் என்றாலும், திரும்பி வந்ததும் கழுவித் துடைப்பது ஜெயஷீலா. தெருக்குழாயடியில் அவள் கண்ணாடி மூடியைச் சாய்த்து வைத்துத் தேய்க்கிறதை எல்லாரும் பார்த்தார்கள். அந்த வருஷக் கிறிஸ்மஸ் தட்டுகளை எல்லாரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டார்கள். கேட்டால், "ருசின்னா ருசி, அப்படி ஒரு ருசி" என்றார்கள். முத்துத்தாய்கூட ஏலக்காயைப் பற்றி மூச்சு விடவில்லை.

ஜெயஷீலா அதை நம்பித்தான் இருந்தாள். போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் வெண்ணெய் வாங்க முத்துத்தாய் வீட்டுக்குப் போனபோது, தொழுவத்தில் ஒரு வெள்ளாடு அச்சு முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. அவள் வீட்டு அச்சு. எட்டு இதழ், நடுவில் ஒரு வட்டம். வேறு யாரிடமும் அந்த அச்சு கிடையாது. ஆடு அவளை நிமிர்ந்து பார்த்துவிட்டு அடுத்த இதழை முறித்தது. ஜெயஷீலா வெண்ணெயை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். அவளுக்கு அவமானம் கொஞ்சம், வருத்தம்தான் நிறைய. முத்துத்தாய் வீட்டு வெண்ணெய் இந்த வீட்டுக்கு வரலாம், இந்த வீட்டுப் பலகாரம் அந்த வீட்டு வாசலைத் தாண்டி மனுஷர் வாய்க்குப் போகாது. இதை யாரிடம் போய்ச் சொல்வாள்? சொன்னால் இல்லை என்பார்கள். இல்லை என்று சொல்லி, அடுத்த தட்டையும் சிரித்துக்கொண்டே வாங்குவார்கள்.

ஆகவே அவள் ஒரு முடிவுக்கு வந்தாள். தன் கைப் பலகாரத்தை இந்தத் தெரு மனுஷரில் ஒருவராவது, தன் கண் முன்னால், மென்று விழுங்குவதைப் பார்க்க வேண்டும். அதற்கு வாய்ப்பு மே மாதம் வந்தது.

கோடை விடுமுறையில் சபையில் பிள்ளைகளுக்கு வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளி நடக்கும். பத்து நாள் பாட்டு, கதை, கைவேலை. கீழத்தெரு, மேலத்தெருப் பிள்ளைகள் எல்லா வீடுகளிலிருந்தும் வந்துவிடும். கடைசி நாள் தின்பண்டம் யாராவது ஒரு வீட்டார் பொறுப்பு. வி.பி.எஸ். நடத்துகிற எஸ்தர்ராணி டீச்சரிடம் போய், "இந்தத் தடவ நான் செய்யுதேன்" என்று நின்றாள் ஜெயஷீலா.

"ஒங்களுக்கு எதுக்குக்கா செரமம்? பாக்கெட் பிஸ்கட் வாங்கிட்டாப் போச்சு."

"பிஸ்கட்தான் டீச்சர் நானும் செய்யப் போறேன். குக்கி. நட்சத்திர குக்கி. பேரு எழுதிக்கோங்க."

டீச்சர் எழுதிக்கொண்டார். மற்ற பெயரெல்லாம் பேனாவில் இருந்தது, இவள் பெயரைப் பென்சிலில் எழுதினார். ஜெயஷீலா அதைப் பார்த்தும் பார்க்காதது போல, "நூத்தியிருவது எண்ணம் வரும், ஆளுக்கு ரெண்டு" என்று சொல்லிவிட்டு வந்தாள்.

குக்கி செய்யத் தெரிந்தது அவளுக்கு இல்லை, மகள் ஜெபிஷாவுக்கு. அவள் கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். கேட்டவுடன் செய்முறையை வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பினாள். மைதா, பொடித்த சீனி, வெண்ணெய். வெண்ணெய் ரூம் டெம்பரேச்சரில் இருக்க வேண்டும்.

"எந்த ரூமுட்டி?" என்று திருப்பிக் கேட்டாள் ஜெயஷீலா.

நியாயமான கேள்வி. ஜெபிஷா சொல்வது ஏ.சி. போட்ட ரூம். நாகலாபுரத்தில் மே மாதத்து ரூம் என்பது வேறு சங்கதி. முத்துத்தாய் வீட்டிலிருந்து உருண்டையாக வாங்கி வந்த எருமை வெண்ணெய், தெருவைக் கடந்து அடுப்படிக்கு வருவதற்குள் வழுவழுவென்று ஆகி, பாத்திரத்தில் வைத்த அரை மணியில் ஓரமெல்லாம் எண்ணெயாகப் பிரிந்து நின்றது. அதில் பிசைந்த மாவைப் பூரிக்கட்டையால் தேய்த்தால், கட்டையோடு ஒட்டிக்கொண்டு கூடவே எழுந்து வந்தது. வெட்டிய நட்சத்திரங்களைச் சுட்டபோது முனையெல்லாம் உருகி ஒன்றோடு ஒன்று கைகோத்துக்கொண்டன. தேவஆசீர்வாதம் ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது நட்சத்திரமா, நம்ம கண்மாயா?" என்று கேட்டார். அன்று அவருக்குச் சோறு தாமதமாகத்தான் கிடைத்தது.

ஜெபிஷா மறுபடி பேசினாள். "அம்மா, மாவை ரெண்டு பட்டர் பேப்பருக்கு நடுவுல வச்சுத் தேய்ங்க. தேய்ச்சதை அப்படியே படுக்கையா ஒரு மணி நேரம் குளிர வைங்க. வெறச்சு நிக்கும். அதுக்கப்புறம் வெட்டுங்க. மடக்கிராதீங்க, வெடிச்சிரும்."

வியாழக்கிழமை காலையில், விடிந்தும் விடியாத குளிர்ச்சியில், ஜெயஷீலா இரண்டு கிலோ மைதாவோடு மல்லுக்கு நின்றாள். நூற்றிருபது குக்கிக்குப் பூரிக்கட்டை காணாது என்று, சாமியானாப் பந்தலின் ஒரு சின்ன இரும்புக் குழாயைச் சோப்புப் போட்டுக் கழுவி எடுத்துக்கொண்டாள். பந்தி மேசையில் பேப்பரை விரித்து, மாவை நீளமாக வைத்து, மேலே இன்னொரு பேப்பரைப் போட்டாள். மாவின் இரண்டு பக்கமும் கால் அங்குல மரச்சட்டம் ஒவ்வொன்று. குழாய் சட்டத்தின் மேல் ஓடும், அதற்குக் கீழே மாவு இறங்காது, எல்லா இடமும் ஒரே கனமாக வரும். இது எந்த வீடியோவிலும் இல்லாத வேலை, அவளே யோசித்தது. தேய்க்கத் தேய்க்க மாவு ஓடிக்கொண்டே போனது. முடித்து நிமிர்ந்தபோது நாலடி நீளத்தில் மூன்று மாவுப் பலகைகள் கிடந்தன.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வீட்டு ஃப்ரிட்ஜ் அவள் இடுப்பு உயரம். உள்ளே ஒரு முழம்கூட நீட்டிப் படுக்க இடமில்லை. ஆள் உயர ஃப்ரிட்ஜ் தெருவில் முத்துத்தாய் வீட்டில்தான் இருக்கிறது, வெண்ணெய் வியாபாரத்துக்கு வாங்கியது. அங்கே கொண்டு போனால் முத்துத்தாய் சிரித்த முகத்தோடுதான் வாங்குவாள். அதை நினைத்தவுடனே வேண்டாம் என்று விட்டாள்.

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. பேப்பரின் ஓரத்தில் நெய் மினுங்க ஆரம்பித்தது. மடக்கக் கூடாது. நீட்டிப் படுக்கையாக வைக்க வேண்டும். குளிர வேண்டும். யோசித்துப் பாருங்கள், நீட்டிப் படுக்க வைத்துக் குளிரூட்டுவதற்கென்றே செய்த ஒரு சாமான், ஆறரை அடி நீளத்தில், பின்கொட்டகையில் நிற்கிறது. வந்து நாலு நாள் ஆகிறது. மூடியின் பிளாஸ்டிக் தாளைக்கூட உரிக்கவில்லை. இன்னும் ஒரு ஆள் படுக்கவில்லை.

ஜெயஷீலா கொட்டகைக்குப் போய்ச் சின்னவரைப் பார்த்தாள். "ஆண்டவரே, இது வெறும் ஃப்ரிட்ஜ்தான, ஒமக்குத் தெரியும்" என்று சுருக்கமாக ஒரு ஜெபம் செய்தாள். உள்தட்டை வெந்நீர் விட்டு இரண்டு தரம் துடைத்தாள். சுவிட்சைப் போட்டுக் குளிரவிட்டு, மூன்று பலகைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடத்தி மூடினாள். கண்ணாடி வழியாகப் பார்த்தால் வெள்ளைத் தாள் சுற்றிய மாவு அத்தனை நிம்மதியாகப் படுத்திருந்தது. அவளுக்கு அடக்க முடியாமல் சிரிப்பு வந்தது.

ஒரு மணி நேரம் கழித்து விரலால் தட்டிப் பார்த்தாள். பலகைதான். நட்சத்திரம் வெட்டுவதற்கு முன் மேலெல்லாம் ஒட்டிய மாவைக் கழுவலாம் என்று குளிக்கப் போனாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான்.

குளித்துவிட்டு, நைட்டியும் தோளில் துண்டுமாக வந்து பார்க்கிறாள், கொட்டகையில் சின்னவர் இல்லை. தரையில் நாலு சக்கரத் தடம் மட்டும் இருந்தது. பக்கத்து வீட்டிலிருந்து குரல் வந்தது: "மேலத்தெரு சோலைச்சாமித் தாத்தா தவறிட்டாவளாம். அண்ணாச்சி வண்டியில பெட்டிய ஏத்திட்டுப் போறாவ."

பெரியவர் இன்னும் விளாத்திகுளத்தில்தான். போனில் புருஷனைக் கூப்பிட்டாள். போன் அடுப்படி அலமாரியில் இருந்தே மணியடித்தது. ஜெயஷீலா டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லை உதைத்து, நைட்டியும் துண்டுமாகவே கிளம்பினாள். வழியெல்லாம் ஒரே நினைப்பு. ஆட்டுக்குப் போட்டதாவது மறைவாகப் போட்டார்கள். இனி நேராகவே முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். பெட்டிக்காரி பிணப்பெட்டிக்குள் மாவு வைத்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்கப் பார்த்தாள் என்று ஆகிவிட்டால், அப்புறம் இந்த ஊரில் அவள் அடுப்பு அவள் வீட்டுக்கு மட்டும்தான்.

சோலைச்சாமிக்குத் தொண்ணூற்றொரு வயது. இதற்கு முன் மூன்று தடவை போகப் பார்த்துத் திரும்பி வந்தவர் என்பதால், வீட்டில் அழுகை அளவாகத்தான் இருந்தது. கொட்டுக்காரர்கள்கூட வந்துவிட்டார்கள். வாசல் பந்தலில் சின்னவர் திறந்து கிடந்தார். சுற்றி நாற்பது பேர். நடுவில் தேவஆசீர்வாதம் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"என்ன அண்ணாச்சி உள்ளுக்க? வெள்ளையா மூணு பொட்டலம்?" என்று யாரோ கேட்டார்கள்.

அவசரத்தில் உள்ளே பார்க்காமல் ஏற்றி வந்த அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனாலும் தொழில்காரர். "அது வந்து... கம்பெனிக்காரன் வச்சு அனுப்புறது. புது மாடல். கரண்ட் போனாலும் குளிர் நிக்கும்" என்றார்.

இறந்தவரின் பேரன், ஐ.டி. படித்தவன், குனிந்து தட்டிப் பார்த்து, "ஆமா, ஜெல் பேக்" என்று உறுதி சொன்னான். கூட்டம் தலையாட்டியது. அப்போதுதான் வந்து பின்னால் நின்ற ஜெயஷீலாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே புகுந்தாள்.

"ஏங்க, அதக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்பணும்லா? குடுங்க, நான் பத்திரமாக் கொண்டு போறேன்."

புருஷன் அவளை ஏற இறங்கப் பார்த்தார். மூன்று பலகைகளையும் எடுத்து அவள் இரண்டு கையிலும் அடுக்கினார். இன்னும் பத்து எட்டு வைத்தால் வண்டி. ஆனால் பந்தல் காலுக்குப் பக்கத்தில் முத்துத்தாய் உட்கார்ந்திருந்தாள். சோலைச்சாமி அவளுக்குச் சித்தப்பா முறை. ஜெயஷீலா தாண்டிப் போகும்போது முத்துத்தாயின் மூக்கு ஒரு தரம் விடைத்தது.

"ஏட்டி, நில்லு."

எழுந்து வந்து, மேல் பேப்பரின் ஓரத்தைக் கிழித்து, மாவில் ஒரு துண்டைக் கிள்ளி வாயில் போட்டுவிட்டாள். வெண்ணெய் விற்கிறவர்களின் கைப்பழக்கம் அது, யோசித்துச் செய்கிறதில்லை. நாக்கால் மேலண்ணத்தில் தேய்த்துப் பார்த்தாள்.

"இது எங்க வெண்ணெய்ல்லா! எங்க எருமை திங்குற பருத்திக்கொட்ட வாசம் இங்கன வரைக்கும் வருது. கம்பெனிக்காரன் எங்க வெண்ணெய எங்கன வாங்குனான்?"

கொட்டு நின்றுவிட்டது. நாற்பது பேரும் ஜெயஷீலாவைப் பார்த்தார்கள். பொய் சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. கண்ணில் தண்ணீர் வந்தது.

"குக்கி மாவு மதினி. வி.பி.எஸ். பிள்ளைகளுக்கு. நீட்டமா வைக்க எடமில்ல. புதுப் பெட்டி, சத்தியமா இன்னும் ஒருத்தரும் படுக்கல. நான் வேற எங்க போவேன்?"

இப்போது எல்லாரும் முத்துத்தாயைப் பார்த்தார்கள். அவள் வாயில் மாவு இருக்கிறது. துப்புவாளா, விழுங்குவாளா என்று கொட்டுக்காரர்கள் உட்படக் காத்து நின்றார்கள். முத்துத்தாய் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தாள். நின்றவர்களில் பாதிப் பேர் அவளிடம் வெண்ணெய் வாங்குகிறவர்கள். தன் வெண்ணெயைத் தானே தெருவில் துப்பினால் அப்புறம் எந்த முகத்தோடு போய் விற்பாள்? அவள் தலையை நிமிர்த்தி, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி விழுங்கினாள்.

"சீனி ஜாஸ்தி" என்றாள் சத்தமாக. "உப்பு ஒரு கல்லு போட்டிருக்கணும். எங்க வெண்ணெய் நல்ல வெண்ணெய், அதக் கொண்டு போய் இப்படிச் சீனியப் போட்டுக் கெடுத்து வச்சிருக்கா."

மூன்று வருஷத்தில் ஜெயஷீலாவின் பலகாரத்தில் ஒருவர் குறை சொன்னது அதுதான் முதல் தடவை. "ஜாஸ்தியெல்லாம் இல்ல மதினி, பச்சை மாவு அப்படித்தான் இருக்கும், வெந்தாச் சரியாப் போவும்" என்று அழுதுகொண்டே சண்டைக்குப் போனாள்.

"என்னட்டி பேச்சு, வெயில்ல நின்னு உருக்கிக்கிட்டு? எங்க வீட்டு ஃப்ரிட்ஜ்ல கொண்டு வையி. மாரிசெல்வி இருக்கா, அவகிட்டச் சொல்லி மோர்ப்பானைய எறக்கச் சொல்லு."

"நாலடி நீளம் மதினி. மடக்கக் கூடாதாம்."

"மடக்கக் கூடாதுன்னா வெட்டி வையேன். அறிவு எங்க போச்சு?"

அது ஜெயஷீலாவுக்குக் காலையிலிருந்து தோன்றவே இல்லை. பின்னால் யாரோ சிரித்தார்கள். இறந்தவரின் மகள் சீனித்தாயே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அதன் பிறகு சோலைச்சாமி மரியாதையாகச் சின்னவருக்குள் ஏறினார், கொட்டும் மறுபடி ஆரம்பித்தது.

மருமகள் மாரிசெல்வி மோர்ப்பானையை இறக்கி, ஃப்ரிட்ஜில் ஒரு தட்டு முழுவதையும் ஒழித்துக் கொடுத்தாள். ஜெயஷீலா மாவை வெட்டி அடுக்கினாள். கதவைச் சாத்தியும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றாள். எதற்கு நிற்கிறாள் என்று மாரிசெல்விக்குப் புரியவில்லை. சாயங்காலம் பெரிய பிரியாணி அண்டாவில் மணலைப் பரப்பிச் சூடேற்றி, தட்டுத் தட்டாக நட்சத்திரங்களைச் சுட்டு எடுத்தாள். ஒரு முனைகூடக் கரையவில்லை.

அதற்குள் சங்கதி ஊர் முழுக்கப் பரவிவிட்டது. மறுநாள் வி.பி.எஸ்.ஸுக்கு அவள் டின்னோடு போனபோது பிள்ளைகள் வாசலுக்கே ஓடி வந்து, "ஐஸ் பெட்டி பிஸ்கட்! ஐஸ் பெட்டி பிஸ்கட்!" என்று கூத்தாடினார்கள். அந்தப் பெயருக்காகவே ஆளுக்கு இரண்டு போதாமல் மூன்றாவதுக்கு அடித்துக்கொண்டார்கள். டீச்சர்மார் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். அவர்கள் எல்லாருமே முத்துத்தாயிடம் வெண்ணெய் வாங்குகிறவர்கள், முத்துத்தாய் விழுங்கிய கதையும் அவர்களுக்கு வந்து சேர்ந்திருந்தது. எஸ்தர்ராணி டீச்சர் ஒன்றை எடுத்துக் கடித்தார். "நல்லாருக்குக்கா" என்றார். ஜெயஷீலா அவர் சொன்னதைக் காதில் வாங்கவில்லை, அவர் தொண்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள். தொண்டை ஏறி இறங்கியது. டீச்சர் இன்னொன்றையும் எடுத்தார்.

சாயங்காலம் காலி டின்னைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தபோது முத்துத்தாய் வாசலில் வந்து நின்றாள். துக்க வீட்டிலிருந்து தலைக்குக் குளித்துவிட்டு நேராக வந்திருந்தாள், ஈரம் சொட்டியது.

"எனக்கு எங்கட்டி?"

"எல்லாம் தீந்துபோச்சு மதினி. பிள்ளைக ஒண்ணுகூட விடல."

"ஒண்ணுகூட எடுத்து வைக்கலியா?" முத்துத்தாயின் குரல் தெருமுனை வரை போனது. "வெண்ணெய் எங்க வெண்ணெய், ஃப்ரிட்ஜ் எங்க ஃப்ரிட்ஜ், ஊரு முன்னால நின்னு முழுங்குனவ நானு. ஊருக்கெல்லாம் குடுத்திருக்கா, எதிர்த்த வீட்டுக்காரிக்கு ஒண்ணு வைக்கணும்னு தோணலியே இவளுக்கு! இப்பச் செய்யி. செஞ்சு குடு. திங்காம இங்கன விட்டு நகரமாட்டேன்."

சொன்னபடி வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு மேலும் ஏசினாள். பக்கத்து வீடுகளில் தலைகள் எட்டிப் பார்த்தன. ஜெயஷீலா நிலைக்கதவில் சாய்ந்து நின்று அத்தனையையும், அந்தக் காலத்து ஏலக்காய்க் குறையைக் கேட்பது போல, ருசித்துக் கேட்டாள். ஏசி முடிக்கிற வரைக்கும் அவள் மைதா டப்பாவைத் தொடவே இல்லை.